ஒப்படைப்புக்குப் பிறகு வரும் முப்பது ஆண்டுகள்: பொதுத் திறந்தவெளிகளின் நெடுங்காலப் பராமரிப்பு

கேள்வி இதுதான்: புதிதாக அமையும் ஒரு குடியிருப்புப் பகுதியின் நடுவே புல்வெளி, மரங்கள், குழந்தைகளின் விளையாட்டிடம், மழைநீர் சேரும் சிறு குளம் ஆகியவை அடங்கிய ஒரு பொதுத் திறந்தவெளி உருவாகிறது. கட்டுநர் அதை முடித்து ஒப்படைத்த பின், முப்பது ஆண்டுகள் கழித்தும் அது நல்ல நிலையில் இருக்க வேண்டுமானால், பொறுப்பையும் பணத்தையும் வேலையையும் இப்போதே எப்படித் திட்டமிட வேண்டும்?

இந்த வேலையிலேயே பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில், முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிலத்தை நன்றாக அறிந்த ஒருவர், வேலைநாள்தோறும் அங்கே இருக்க வேண்டும். நிதியமைப்பு, ஒப்பந்தம், மேலாண்மைத் திட்டம் என்று நாம் எழுதி வைக்கும் அனைத்தும், அந்த ஒருவர் அங்கே தொடர்ந்து இருப்பதற்கும் அவர் கண்டதைச் சரிசெய்யும் வசதி அவரிடம் இருப்பதற்கும்தான். இந்த ஏற்பாடு உள்ள இடங்கள் எளிய வடிவமைப்பிலும் செழித்து நிற்பதையும், இது இல்லாத இடங்கள் பெருஞ்செலவில் அமைந்தும் பத்தே ஆண்டுகளில் பொலிவிழப்பதையும் நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை நினைத்துப் பாருங்கள். 1858இல் ஃப்ரெடெரிக் லா ஓம்ஸ்டெட்டும் கால்வர்ட் வாக்ஸும் சேர்ந்து அளித்த வரைவு, போட்டியில் தேர்வாகி 843 ஏக்கர் பூங்காவாக வளர்ந்தது. நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1970களில் நகரம் நிதி நெருக்கடியில் சிக்கியபோது, அதன் புல்வெளிகள் புழுதிக்காடாகின. இருக்கைகள் உடைந்து கிடந்தன. மக்கள் உள்ளே செல்லவே அஞ்சினார்கள். வரைவில் எந்தக் குறையும் இல்லை. பராமரிப்பவர்கள்தாம் இல்லாமல் போயிருந்தார்கள். 1980இல் சென்ட்ரல் பார்க் கன்சர்வன்சி என்ற இலாப நோக்கற்ற அமைப்பு தொடங்கப்பட்டது. எலிசபெத் பார்லோ ராஜர்ஸின் தலைமையில் அது பூங்காவைப் பகுதி பகுதியாக மீட்டெடுத்தது. 1998இல் நகர நிர்வாகம் அன்றாட மேலாண்மையையே முறையான ஒப்பந்தத்தின் மூலம் அந்த அமைப்பிடம் ஒப்படைத்தது.

அங்கே நன்கொடை திரட்டிய விதத்தைத்தான் பலரும் வியந்து பேசுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. பூங்கா முழுவதையும் 49 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தோட்டக்காரரைப் பொறுப்பாக்கினார்கள். தன் பகுதியில் எந்தக் குழாய் கசிகிறது, எந்த மரத்தின் அடியில் காளான் முளைத்திருக்கிறது, மக்கள் எந்த வளைவைத் தாண்டிக் குறுக்கே நடந்து புல்லைத் தேய்க்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நன்றாக இருந்தால் அவருக்குப் பெருமை. கெட்டுப்போனால் யாரைக் கேட்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. மரம், குழாய், கட்டுமானம் ஆகியவற்றுக்கான சிறப்புக் குழுக்கள் பூங்கா முழுவதற்கும் பொதுவாக இருந்தாலும், அவர்களை அழைப்பது அந்தப் பகுதியை அறிந்தவர்தான்.

இதற்கு நேர்மாறான பாடத்தைப் பிரிட்டன் தருகிறது. பொதுப்பணத்தில் மக்களுக்கான நகரப் பூங்கா என்ற எண்ணத்துக்கு முன்னோடியாக, 1847இல் பெர்கன்ஹெட் பூங்கா திறக்கப்பட்டது அங்கேதான். ஓம்ஸ்டெட் அதைப் பார்த்துத்தான் ஊக்கம் பெற்றார். அத்தகைய மரபுள்ள நாட்டில், 1988ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் பூங்காப் பராமரிப்பையும் கட்டாய ஒப்பந்தப்புள்ளி முறைக்குள், அதாவது உள்ளாட்சி தன் வேலையை வெளி நிறுவனங்களின் விலைப்போட்டிக்குத் திறந்துவிட வேண்டிய முறைக்குள், கொண்டுவந்தது. பூங்காவுக்குள்ளேயே இருந்த காவலர்களும் தோட்டக்காரர்களும் குறைந்து, வண்டியில் வந்து வெட்டிவிட்டு அடுத்த இடத்துக்குப் போகும் நடமாடும் குழுக்கள் பெருகின. ஒப்பந்தத்தில் எழுதுவதற்கு வசதியாக இருந்தது எண்ணிக்கைதான்: ஆண்டுக்கு இத்தனை முறை புல் வெட்டு, இத்தனை முறை புதர்க் கவாத்து. எண்ண முடிந்தது மட்டுமே செய்யப்பட்டது. எந்தச் செடி எப்போது பூக்கும், அதைப் பூத்த பின் வெட்டுவதா முன் வெட்டுவதா என்று அறியாத கைகள், எல்லாப் புதர்களையும் ஒரே பருவத்தில் ஒரே பெட்டி வடிவத்தில் நறுக்கின. மழையில்லாமல் புல் வளராத மாதத்திலும் வண்டி வந்து போனது. புல் முழங்கால் உயரம் வளர்ந்த மாதத்திலும் அதே முறைதான்.

எனவே ஒப்பந்ததாரரைக் கொண்டுதான் வேலை நடக்க வேண்டும் என்றாலும், எத்தனை முறை என்பதை எழுதாமல் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதை எழுதுங்கள். புல்லின் உயரம் இந்த எல்லைக்குள் இருக்க வேண்டும், நடைபாதையில் நீர் தேங்கக் கூடாது, இளமரத்தின் அடியில் இத்தனை அகலத்துக்குக் களையின்றி மூடாக்கு (மண்ணை மூடிப் பரப்பும் சருகு, மரச்செதில் போன்றவை) இருக்க வேண்டும் என்பது போல. இதைச் சரிபார்க்க, ஒப்பந்ததாரரைச் சாராத, செடிகொடிகளை அறிந்த ஒருவர் உங்கள் தரப்பில் கட்டாயம் தேவை. அந்த ஒருவரின் சம்பளத்தை மிச்சம் பிடித்த அமைப்புகள், தாங்கள் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பதையே காலப்போக்கில் அறியாமல் போனதைக் கண்டிருக்கிறேன்.

இனி நிலத்துக்கு வருவோம். பொதுவெளியில் ஆண்டுகள் செல்லச் செல்ல மதிப்பு கூடும் பொருள் மரம் ஒன்றுதான். இருக்கையும் நடைபாதையும் விளக்கும் திறப்பு நாளிலிருந்தே தேயத் தொடங்குகின்றன. மரமோ அன்றுதான் தொடங்குகிறது. அந்த மரத்துக்கு அடிப்படை மண். பொதுவெளிகளில் மரங்கள் நலிவதற்கு நோயையும் வறட்சியையும் காரணம் சொல்கிறோம். பெரும்பாலும் மண் இறுகிப்போனதுதான் உண்மையான காரணம். கட்டுமானக் காலத்தில் கனரக வண்டிகள் ஓடி நசுக்கிய நிலத்தின் மேல் ஒரு சாண் வண்டல் மண்ணைப் பரப்பி மரம் நட்டால், வேர் அந்த ஒரு சாணுக்குள்ளேயே சுற்றிவரும். இறுகிய மண்ணில் காற்று புகாது, நீர் இறங்காது; வேர் மூச்சுவிட முடியாமல் திணறும்.

லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்தில் இதை இயற்கையே ஒருமுறை காட்டிக் கொடுத்தது. அங்கே பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் நடப்பட்ட டர்னர் ஓக் மரம் 1980களில் நலிந்துகொண்டிருந்தது. 1987 அக்டோபரில் வீசிய பெரும்புயல் தென் இங்கிலாந்தில் சுமார் 1.5 கோடி மரங்களைச் சாய்த்தபோது, இந்த மரத்தை வேரோடு சேர்த்துத் தூக்கி மீண்டும் அதே குழியில் இறக்கி வைத்தது. விழுந்த மரங்களை அகற்றும் வேலை மலைபோல் இருந்ததால், இதற்கு முட்டுக் கொடுத்துவிட்டு அப்படியே விட்டிருந்தார்கள். சில ஆண்டுகளில் அது பல பத்தாண்டுகளாகக் காணாத செழிப்போடு தழைத்து நின்றது. புயல் அந்த இறுகிய மண்ணைத் தளர்த்தி, வேர்களுக்குக் காற்று கொடுத்திருந்தது. பார்வையாளர்களின் கால்கள் இருநூறு ஆண்டுகளாக மிதித்து இறுக்கிய மண்தான் நோய் என்று உணர்ந்த தோட்டத்தார், அதற்குப் பிறகு முதிய மரங்களைச் சுற்றி மண்ணுக்குள் அழுத்தக் காற்றைச் செலுத்தித் தளர்த்துவதையும், அடிமரத்தைச் சுற்றிப் புல்லை நீக்கி மூடாக்கு இடுவதையும் வழக்கமாக்கினார்கள். மரங்களைப் பற்றிப் பேச வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் நான் இந்த ஓக் மரத்தைத்தான் முதலில் சொல்வேன்.

உங்கள் இடத்தில் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை பல. மரம் நிற்கப் போகும் பகுதியைக் கட்டுமானம் தொடங்கும் முன்பே வேலியிட்டுக் காக்கச் சொல்லுங்கள்; முடியாவிட்டால், நடுவதற்கு முன் ஆழமாகக் கிளறித் தளர்த்துவதை ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். நட்ட மரத்துக்கு முதல் மூன்று ஆண்டுகள் நீர் தேவை. முதல் ஆண்டு மட்டும் ஊற்றிவிட்டு நிறுத்துவதால் இறக்கும் மரங்கள் ஏராளம். ஊன்றுகோலும் கட்டும் ஓரிரு ஆண்டுகளில் அகற்றப்பட வேண்டும். மறந்துபோன கட்டு தண்டுக்குள் புதைந்து, மரத்தையே நெரித்துவிடும். புல் நறுக்கும் நைலான் கயிற்று இயந்திரம் அடிமரப் பட்டையைச் சுற்றி உரித்துவிட்டால், இளமரம் பிழைப்பது அரிது. தண்டைச் சுற்றி ஒரு வட்டம் மூடாக்கு இருந்தால் அந்த இயந்திரம் அங்கே வரவே தேவையில்லை. ஆனால் மூடாக்கைத் தண்டோடு ஒட்டிக் குன்றுபோல் குவிக்கக் கூடாது. பட்டை ஈரத்தில் அழுகும். கிளைகளை இளமையிலேயே சீராக்கிவிட்டால், ஏணியும் ரம்பமும் போதும். இருபது ஆண்டு கழித்து அதே பிழையைத் திருத்தத் தூக்கு வண்டியும் சாலைத் தடையும் வேண்டியிருக்கும்.

எந்த மரங்களை நடுவது என்பதும் பராமரிப்பு முடிவுதான். ஒரே இனத்தை வரிசையாக நட்ட சாலைகளை டச்சு எல்ம் நோய் எப்படி வெறுமையாக்கியது என்பதும், 2002இல் வட அமெரிக்காவில் கண்டறியப்பட்ட மரகதத் துளைப்பான் வண்டு ஆஷ் மரங்களை எப்படி அழித்து வருகிறது என்பதும் தெரிந்ததே. ஃபிராங்க் சாண்டமோர் என்ற அமெரிக்க மரவியலாளர் 1990இல் ஓர் எளிய அளவுகோலைச் சொன்னார்: ஒரே இனம் 10 சதவீதத்துக்கு மேலும், ஒரே பேரினம் 20 சதவீதத்துக்கு மேலும், ஒரே குடும்பம் 30 சதவீதத்துக்கு மேலும் இருக்கக் கூடாது. இது நகரம் முழுவதற்குமான அளவுகோல். சிறிய இடத்தில் எழுத்துக்கு எழுத்து பொருந்தாவிட்டாலும் அதன் எச்சரிக்கை பொருந்தும். எல்லா மரங்களையும் ஒரே ஆண்டில் நட்டால், எல்லாம் ஒரே காலத்தில் முதிர்ந்து ஒரே காலத்தில் விழும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்தில் ஒரு பங்கு இடத்தையாவது பிற்பாடு நடுவதற்கு விட்டுவைப்பது நல்லது என்பது என் கருத்து.

புல்வெளியைப் பொறுத்தவரை, ஒரு முறையில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது என்ற பழைய விதி இன்றும் சரி. மக்கள் அமரும், விளையாடும் பகுதியைக் குட்டையாக வைத்து, மற்றதைக் காட்டுப்பூப் புல்வெளியாக வளரவிட்டால் செலவு குறையும் என்று சொல்லப்படுகிறது. வெட்டும் முறைகள் குறையும் என்பது உண்மை, ஆனால் வெட்டியதை அள்ளி அகற்ற வேண்டும். அகற்றாவிட்டால் மண்ணில் சத்து கூடி, முரட்டுப் புல் மேலோங்கிப் பூச்செடிகள் மறைந்துவிடும். ஓரத்தில் ஒரு கோடு மட்டும் ஒழுங்காக வெட்டி வையுங்கள். கவனிப்பாரற்று வளர்ந்ததல்ல, வேண்டுமென்றே வளர்க்கப்பட்டது என்று மக்களுக்குப் புரிய அது போதும்.

குளத்துக்குத் தூர்வாரும் செலவைக் கணக்கில் வைக்காமல் ஒப்படைப்பை ஏற்காதீர்கள். நீர் நுழையும் வாயில் ஒரு சிறு வண்டல் தேக்கம் அமைத்தால், குளம் முழுவதையும் கலக்காமல் அதை மட்டும் அடிக்கடி வாரலாம். அங்கே வண்டி வந்து நிற்க உறுதியான தளமும் வேண்டும். விளையாட்டுக் கருவிகளுக்கு ஐரோப்பியத் தரநிலையான இ.என். 1176 மூன்று நிலை ஆய்வைச் சொல்கிறது: அடிக்கடி கண்ணால் பார்ப்பது, ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை தேய்மானத்தையும் இணைப்புகளையும் சோதிப்பது, ஆண்டுக்கு ஒருமுறை தகுதியுள்ளவர் முழுமையாக ஆராய்வது. ஒவ்வோர் ஆய்வும் தேதியோடு எழுத்தில் இருக்க வேண்டும்.

இப்போது பணம். பெரும்பாலான திட்டங்கள் இங்கேதான் தோற்கின்றன. தோற்பது பத்தாவது ஆண்டுக்குப் பிறகே வெளியே தெரிகிறது. கட்டுநர் ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கமான ஏற்பாடு. அந்தத் தொகை பொதுவாகப் பத்து அல்லது இருபது ஆண்டுச் செலவைக் கணக்கிட்டுத் தரப்படுகிறது. அசலையும் சேர்த்துச் செலவழித்து முடிக்கும்போது, மரங்கள் பெரிதாகி, கருவிகள் தேய்ந்து, செலவு உச்சத்துக்குப் போயிருக்கும். நிலைத்து நிற்க வேண்டுமானால் அசலைத் தொடாமல் வருமானத்தில் நடத்தும் மூலதன நிதி தேவை. கணக்கு எளியது: ஆண்டுச் செலவு 100 என்றும், விலையேற்றத்தைக் கழித்த பின் முதலீடு தரும் வருமானம் 3 சதவீதம் என்றும் வைத்துக்கொண்டால், மூலதனம் 3,300க்கு மேல் இருக்க வேண்டும். அதாவது ஆண்டுச் செலவைப்போல் முப்பத்து மூன்று மடங்கு. பத்து மடங்கைக் கொடுத்துவிட்டு நிரந்தரப் பராமரிப்புக்கு வழி செய்துவிட்டோம் என்று சொல்வது உண்மையாகாது.

இதைச் சரியாகச் செய்த இடமாக நான் காட்டுவது இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ். அந்தப் புதிய நகரத்தை உருவாக்கிய வளர்ச்சிக் கழகம் கலைக்கப்பட்டபோது, பூங்காக்களை உள்ளாட்சியின் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தோடு போட்டியிட விடாமல், 1992இல் ஒரு தனி அறக்கட்டளையை அமைத்தார்கள். நிலம் 999 ஆண்டுக் குத்தகையில் அதன் கைக்கு வந்தது. கூடவே, வாடகை வருமானம் தரும் வணிகச் சொத்துகளும் மூலதனமாக வழங்கப்பட்டன. வாடகை விலைவாசியோடு சேர்ந்து ஏறும் என்பதால், வேலையாட்களின் ஊதியம் ஏறும்போது வருமானமும் ஓரளவு ஏறுகிறது. எந்த ஆண்டிலும் பள்ளிக்கா பூங்காவுக்கா என்ற கேள்வியில் பூங்கா தோற்க வேண்டிய நிலை அங்கே இல்லை.

இவ்வளவு பெரிய மூலதனம் எல்லோருக்கும் கிடைக்காது. அப்போது குடியிருப்போரிடமிருந்து ஆண்டுக் கட்டணம் பெறும் முறைக்குப் பலர் செல்கிறார்கள். அதில் நான் வற்புறுத்துவது, கட்டணத்தை நிர்ணயிக்கும் நிறுவனத்தின் ஆளுகையில் கட்டணம் செலுத்துவோருக்கு வாக்குரிமை இருக்க வேண்டும் என்பதும், கணக்கு ஆண்டுதோறும் வெளியாக வேண்டும் என்பதும்தான். வெளியார் நிறுவனம் ஒன்று விருப்பம்போல் கட்டணத்தை உயர்த்தவும், குடியிருப்போர் அதை மாற்ற வழியின்றி இருக்கவுமான ஏற்பாட்டில் கையெழுத்திடாதீர்கள். அன்றாடச் செலவுக்கும் மாற்றுச் செலவுக்கும் தனித்தனிக் கணக்கு வைப்பதும் அவசியம். பதினைந்து ஆண்டில் மாற்ற வேண்டிய ஊஞ்சலுக்கு ஆண்டுதோறும் பதினைந்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைக்காவிட்டால், பதினாறாம் ஆண்டில் அந்த இடம் வெறுந்தரையாக இருக்கும். நிகழ்ச்சிகளுக்கு வாடகைக்கு விடுவது துணை வருமானமாக இருக்கலாம். ஆனால் ஈர நிலத்தில் ஒரே நாள் லாரிகள் ஏறினால், அந்த வாடகையைவிட மண்ணைச் சீராக்கும் செலவு அதிகமாகும். ஆண்டில் எத்தனை நாள், எந்த மூலையில், மழைக்குப் பின் ரத்து செய்யும் உரிமையோடு என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

மேலாண்மைத் திட்டம் என்ற ஆவணம் பல இடங்களில் அலமாரிக்குள் உறங்குகிறது. அது உயிருடன் இருக்க நல்ல வழி, வெளியாள் ஒருவர் ஆண்டுதோறும் அதைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைச் சுற்றிவருவது. பிரிட்டனில் 1996இல் தொடங்கி இன்று பல நாடுகளுக்குப் பரவியுள்ள கிரீன் ஃபிளாக் விருது இந்த வேலையைத்தான் செய்கிறது: வரவேற்கும் தன்மை, பாதுகாப்பு, தூய்மை, இயற்கை, சமூகப் பங்கேற்பு, மேலாண்மை முதலான எட்டுத் தலைப்புகளில் ஆவணத்தையும் நிலத்தையும் ஒப்பிட்டு மதிப்பிடுகிறது. விருதுக்கு விண்ணப்பிக்காவிட்டாலும் அந்த எட்டுத் தலைப்புகளைக் கொண்டு நீங்களே ஆண்டுக்கொருமுறை சுற்றிவரலாம்.

மக்கள் வருவதும் பராமரிப்பின் ஒரு பகுதி. நியூயார்க்கின் பிரையன்ட் பார்க் 1970களில் போதைப்பொருள் விற்போரின் இடமாக மாறியிருந்தது. பொது இடங்களில் மக்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைப் படமெடுத்து ஆராய்ந்த வில்லியம் வைட், வெளியிலிருந்து உள்ளே பார்க்க முடியாதபடி மறைத்த வேலிச்செடிகளும் குறைவான வாயில்களும்தான் காரணம் என்றார். மறைப்புகளை அகற்றி, வாயில்களைக் கூட்டி, விரும்பிய இடத்துக்கு இழுத்துப் போட்டுக்கொள்ளக்கூடிய தனி நாற்காலிகளை வைத்து 1992இல் அதை மீண்டும் திறந்தார்கள். நாற்காலிகள் திருடு போகும் என்று அஞ்சியவர்கள் பலர். அது பெருந்தொல்லையாக மாறவில்லை. அங்கே கழிப்பறையும் அதே அக்கறையோடு, பூக்கள் வைத்துப் பேணப்படுகிறது. பெண்களும் முதியோரும் சிறு குழந்தைகளோடு வருவோரும் எவ்வளவு நேரம் தங்குவார்கள் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கழிப்பறைதான் என்பதால், செலவைக் குறைக்கும்போது முதலில் அதைப் பூட்டுவது பெருந்தவறு என்பேன்.

தன்னார்வலர்கள் விலைமதிப்பற்றவர்கள். ஆனால் சம்பளம் பெறும் தோட்டக்காரருக்கு மாற்றாக அவர்களை எண்ணக் கூடாது. தொடக்கமும் முடிவும் உள்ள, கண்ணுக்குத் தெரியும் பலன் தரும் வேலையை, கற்றுத் தருபவரோடு கொடுத்தால் அவர்கள் ஆண்டுதோறும் திரும்பி வருவார்கள். நியூயார்க்கின் ஹை லைன் பூங்காவில் குளிர்காலம் முழுவதும் நின்ற காய்ந்த செடிகளை வசந்தத் தொடக்கத்தில் கையால் வெட்டி அகற்றும் பணி இப்படித்தான் நடக்கிறது.

கடைசியாக, ஒப்படைப்பு நாள். அன்றைக்கு நிலத்தடியில் குழாயும் மின்கம்பியும் உண்மையில் எங்கே போகின்றன என்று காட்டும், கட்டி முடித்த நிலையின் வரைபடம் உங்கள் கையில் இருக்க வேண்டும். முதலில் வரைந்த வரைபடம் போதாது. ஒவ்வொரு மரத்துக்கும் எண், இனம், நட்ட தேதி கொண்ட பதிவேடும் வேண்டும். புல்வெட்டும் வண்டி வாயிலில் நுழைகிறதா, சரிவில் கவிழாமல் திரும்புகிறதா, தண்ணீர்க் குழாய் கடைசி மரம் வரை எட்டுகிறதா என்பதைத் தாளில் பார்க்காமல் வண்டியையும் குழாயையும் கொண்டுவந்து சோதியுங்கள். இந்தச் சோதனையில், இனி அந்த நிலத்தைப் பார்த்துக்கொள்ளப் போகும் தோட்டக்காரர் உடனிருக்க வேண்டும். வரைவு நிலையிலேயே அவரை அழைத்திருந்தால் இன்னும் நல்லது. கட்டுநரின் பிணைத்தொகையை ஓராண்டு முடிந்ததும் விடுவிக்காமல், நட்ட மரங்கள் மூன்று வளர்பருவங்களைக் கடந்து உயிரோடு நிற்பதைப் பார்த்த பிறகே விடுவிப்பதாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.